மஞ்சள் தண்ணி வர்ற போர்: மேட்டை அள்ளினா தீருமா?

கேள்வி, 8.6.2024
ராணிப்பேட்டைக்குப் பக்கம் எங்க நிலம். மேட்டுப்பக்கம் பழைய ஃபேக்டரிக் கழிவு மலை மாதிரி கிடக்கு. எங்க போர்த் தண்ணி லேசா எலுமிச்சை நிறத்துல வருது. அந்த மேட்டை மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டா எங்க தண்ணி சரியாயிடுமா? இல்ல, நாங்களே ராப்பகலா மோட்டார் ஓட விட்டு இறைச்சு வெளியே தள்ளினா தெளிஞ்சிடுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

8.6.2024, இரவு
அள்ளினாலும் உடனே தீராது, இறைச்சாலும் தீராது. முதல்ல அதைக் குடிக்கிறதையும் சமைக்கிறதையும் நிறுத்துங்க தம்பி. காய்ச்சினா போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், அந்தக் கழிவுலேர்ந்து இறங்கின குரோமியம்ங்கிற உலோக விஷம் பாத்திரத்துலயே தங்கி இன்னும் கெட்டியாகும். குடிதண்ணிக்கு நம்ம நாட்டுத் தரம் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவுல நிறமே தெரியாது. கண்ணுக்கு மஞ்சள் தெரியுதுன்னா வரம்பை எப்பவோ தாண்டியாச்சு.

வெளியேயும் தள்ளாதீங்க. உங்க விஷம் பக்கத்து வயலுக்குப் போகும், அங்கிருந்து திரும்ப உங்க போருக்கே இறங்கும்.

9.6.2024, காலை
நேத்து அவசரத்துல எழுதினேன். நான் விஞ்ஞானி இல்லை. கண்காணிப்பு போர், அதாவது நிலத்தடியில விஷம் எங்கே இருக்குன்னு பார்க்கற துளை, போடற ஒரு கான்ட்ராக்டர்கிட்ட ஒன்பது வருஷம், அப்புறம் ஒரு தண்ணி லேப்ல அஞ்சு வருஷம். ரிக் வண்டிப் புழுதியும் தின்னிருக்கேன், பாட்டிலும் கழுவியிருக்கேன். அந்த அளவுக்குத்தான் பேசறேன்.

ராணிப்பேட்டை குரோமேட் மேடு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் மத்தது புரியும். தோல் பதனிட முன்னாடி ஆவாரம்பட்டை. அப்புறம் குரோமியம் உப்பு வந்துச்சு, வாரக்கணக்கு வேலை ஒரு நாள்ல முடிஞ்சது. அந்த உப்புக்கு மூலப்பொருள் செய்யத்தான் 1970கள்ல சிப்காட் தொழிற்பேட்டையில அந்த ஆலை வந்துச்சு. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடயும் சுண்ணாம்போடயும் சேர்த்து உலையில வறுப்பாங்க. வறுத்ததைத் தண்ணியில ஊற வெச்சா மஞ்சள் சாறு இறங்கும், அதுதான் சரக்கு. மிச்சச் சக்கையை வெளியே கொட்டுவாங்க. சக்கையில சாறு முழுசா இறங்கியிருக்காது. 1990களோட நடுவுல ஆலை மூடியாச்சு, சக்கை அங்கேயே நின்னுடுச்சு. ஒன்றரை லட்சம் டன்னுங்கிறதுதான் ரொம்ப நாளாப் புழங்கற கணக்கு. உலகத்துல மோசமா மாசுபட்ட பத்து இடம்னு 2006ல ஒரு அமெரிக்க அமைப்பு போட்ட பட்டியல்ல செர்னோபிலோட நம்ம ஊர் பேரும் வந்ததுக்கு இதுவும் காரணம்.

ஒவ்வொரு மழையும் அந்தச் சக்கையை இன்னொரு தரம் ஊற வைக்குது. ஆலைக்குள்ள செஞ்ச வேலையை இப்ப வானம் செய்யுது, சம்பளம் இல்லாம.

9.6.2024, மதியம்
"இறைச்சா எத்தனை நாள்ல முடியும்"னு கேட்டிருந்தீங்க. தோராயமா ஒரு கணக்கு: ஒரு சதுர கிலோமீட்டர் நிலம், மொரம்பு மண்ணு 10 மீட்டர் கனம், அதுல பத்துல ஒரு பங்கு தண்ணின்னு வெச்சுக்குங்க. 10 லட்சம் கன மீட்டர் வருது. தினம் ஒரு லட்சம் லிட்டர் இறைச்சா 1,000 நாள். மூணு வருஷம் கூட இல்லை.

9.6.2024, மதியம், பத்து நிமிஷம் கழிச்சு
தப்பு. ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர். ஆக மொத்தம் 100 கோடி லிட்டர், 10,000 நாள், 27 வருஷம். ஒரு பூஜ்யத்தை முழுங்கிட்டேன். லேப்ல இருந்தப்பவும் இந்தப் பூஜ்யத்தால ஒரு தரம் மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

27 வருஷம்ங்கிறதும் ஒரே ஒரு சுத்துக்கு. ஒரு சுத்துல போகாது. ஏன்னு நாளைக்கு எழுதறேன், கரண்ட் போயிடுச்சு.

11.6.2024
நாளைக்குன்னு சொல்லி ரெண்டு நாளாச்சு. ஊறுகாய் ஜாடியைக் கழுவி வெயில்ல காய வெச்சு மூடி வையுங்க. ஒரு வாரம் கழிச்சுத் திறந்தா மறுபடியும் எலுமிச்சங்கா வாசனை அடிக்கும். கழுவினது பொய் இல்லை. ஜாடிச் சுவருக்குள்ள போனது மெதுவா வெளியே வருது. நிலத்தடியிலும் அதே கதைதான். மணல்ல தண்ணி ஓடும், மோட்டார் போட்டா அது வந்துடும். களிமண்ணுக்குள்ளயும் பாறையோட சின்னச் சின்ன வெடிப்புக்குள்ளயும் முப்பது நாப்பது வருஷமா ஊறினது நகராது. ஓடற தண்ணி சுத்தமானதும் அது மெல்லக் கசிஞ்சு மறுபடியும் கெடுக்கும். மோட்டாரை நிறுத்தினா அளவு ஏறும்.

இதைக் கண்ணால பார்த்திருக்கேன். எந்த ஊர், யாரோட சைட்டுன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம் இறைச்சு, சுத்திகரிச்சு, ரிப்போர்ட்ல வரம்புக்குக் கீழே வந்துடுச்சு. சைட் ஆபீஸ்ல லட்டு கொடுத்தாங்க, நானும் ரெண்டு தின்னேன். மோட்டாரைக் கழட்டி எடுத்துட்டுப் போனாங்க. அடுத்த தை மாசம் நான்தான் சாம்பிள் எடுக்கப் போனேன். டைபீனைல் கார்பசைடு ரெண்டு சொட்டு விட்டதும் குழாய் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறுச்சு. ஆறு குரோமியம்னு சொல்ற, தண்ணியில கரையற விஷக் குரோமியம் இருந்தா அப்படித்தான் நிறம் காட்டும்.

அதுக்காக இறைக்கிறது வீண்னு அர்த்தமில்லை. இறைக்கிற போரைச் சுத்தி நிலத்தடி நீர்மட்டம் கிண்ணம் மாதிரி குழியும், விஷத் தண்ணி அந்தக் கிண்ணத்தைத் தாண்டி ஊருக்குள்ள போகாது. அதாவது அது வேலி. வேலியைச் சுத்திகரிப்புன்னு சொல்லி விக்கிறாங்க, எனக்கு அதுலதான் கோபம்.

13.6.2024
ஒருத்தர் "எல்லாத்தையும் கும்மிடிப்பூண்டி கொண்டுபோய்ப் புதைச்சா என்ன"ன்னு கேட்டிருக்கார். அபாயக் கழிவுக்குன்னே அடியில பிளாஸ்டிக் விரிப்பும் களிமண்ணும் போட்ட நிலநிரப்பு அங்கே இருக்கு, சரிதான். லாரிக்கு பத்து டன்னுன்னா 15,000 நடை. நூறு கிலோமீட்டருக்கு மேல ரோடு. மேட்டை பொக்லைன் தொட்டதும் தூசி கிளம்பும், அந்தத் தூசியை மூச்சுல இழுத்தா நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம்னு நிரூபிச்ச விஷயம். தார்ப்பாய் கட்டி, டயர் கழுவி, தண்ணி தெளிச்சு... நம்ம லாரி தார்ப்பாய் எப்படிப் பறக்கும்னு உங்களுக்கே தெரியும்.

15.6.2024
அன்னபேதி. இதைத் தனியா எழுதணும்னு நினைச்சேன்.

குரோமியத்துக்கு ரெண்டு வேஷம். ஆறுங்கிற வேஷத்துல தண்ணியில கரையும், ஓடும், விஷம். மூணுங்கிற வேஷத்துல மண்ணுல ஒட்டிக்கிட்டு நகராம கிடக்கும், விஷமும் பல மடங்கு கம்மி. ஆறை மூணாக்க எலக்ட்ரான் கொடுக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். இரும்பு கொடுக்கும். சித்த வைத்தியத்துல சோகைக்குக் கொடுக்கற அன்னபேதி செந்தூரம் இருக்கே, அந்தப் பச்சைக் கல் அன்னபேதி இரும்பு சல்பேட்டேதான். மஞ்சள் தண்ணி டம்ளர்ல அன்னபேதிக் கரைசல் விட்டுச் சுண்ணாம்பு சேர்த்தா சேறு மாதிரி அடியில படியும், மேல தெளிவு. லேப்ல புதுசா வர்ற பசங்களுக்கு இதைத்தான் முதல்ல காட்டுவேன். வாயைப் பிளப்பானுங்க.

இதையே நிலத்துக்கு அடியில செய்யறதும் உண்டு. அமெரிக்காவுல வட கரோலினா எலிசபெத் சிட்டியில கடலோரக் காவல் படைத் தளம் ஒண்ணு, முலாம் பூசற பட்டறையிலிருந்து குரோமியம் இறங்கியிருக்கு. 1996ல அங்கே 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் தோண்டி இரும்புத் தூளை நிரப்பினாங்க. மோட்டார் கிடையாது, கரண்ட் பில் கிடையாது. தண்ணி தானா அந்தச் சுவர் வழியாப் போகுது, போறப்பவே ஆறு மூணாயிடுது. நான் படிச்சதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது.

17.6.2024
"அப்ப நாங்களும் பழைய இரும்புக் கடையில தூள் வாங்கிக் கொட்டலாமா?" கொட்டாதீங்க. எலிசபெத் சிட்டி மணல் பூமி, பள்ளத்துக்குள்ள வர்ற தண்ணி தப்பிக்க முடியாது. நம்ம பக்கம் மேல மொரம்பு, கீழே வெடிப்பு விட்ட பாறை. பொக்லைன் கை பாறையோட நின்னுடும். தண்ணி வெடிப்பு வழியா சுவருக்கு அடியில பூந்து சிரிச்சுக்கிட்டே போகும். பெண்டோனைட் களிமண் சுவர் கட்டி மடக்கறதுக்கும் இதே சிக்கல்தான், சுவரோட கால் ஊன்ற ஒழுகாத தரை வேணும்.

18.6.2024
சர்க்கரைப் பாகு முறை பத்தியும் கேட்டாங்க. மொலாசஸையோ (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) சாராயத்தையோ போர் வழியா உள்ளே செலுத்தினா பாக்டீரியா தின்னு பெருகி ஆக்சிஜனைத் தீர்த்துடும், அந்தச் சூழல்ல ஆறு மூணாயிடும். கலிபோர்னியாவுல ஹிங்க்லின்னு ஒரு ஊர். எரிவாயுக் குழாய் நிலையத்துல 1952லேர்ந்து 1966 வரைக்கும் குளிர்விப்புக் கோபுரத் தண்ணியில குரோமியம் கலந்து, அடியில ஒண்ணும் விரிக்காத குட்டையில விட்டிருக்காங்க. 1996ல ஊர்க்காரங்களுக்கு 33.3 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடிச்சாங்க. அங்கே எத்தனால், அதான் சாராயம், செலுத்தற வேலை நடந்துச்சு. இன்னொண்ணு, இறைச்ச தண்ணியை குதிரைமசால்ங்கிற தீவனப் பயிர் வயலுக்குப் பாய்ச்சினாங்க. வேர்மண்ணுல இருக்கிற மக்கு குரோமியத்தை மூணாக்கிப் பிடிச்சு வெச்சுக்கும்.

நம்ம ஊர்ல மொலாசஸ் லாரி நகரணும்னா மதுவிலக்குக்காரங்க பர்மிட் வேணும். பூமிக்குள்ள ஊத்தப் போறேன்னு சொன்னா ஸ்டேஷன்ல உக்கார வெச்சு ஊதச் சொல்வாங்க.

இந்தப் பாகு முறைக்குப் பக்கவிளைவும் உண்டு. ஆக்சிஜன் தீர்ந்தா மண்ணுல சும்மா கிடந்த மாங்கனீசும் ஆர்சனிக்கும் கரைஞ்சு தண்ணிக்கு வந்துடும். ஹிங்க்லியிலயும் அதைத் தனியாக் கண்காணிக்க வேண்டியிருந்துச்சு.

2.7.2024
அன்னபேதியை ரொம்பப் புகழ்ந்துட்டேன். டம்ளர்ல நடக்கிறது மேட்டுல நடக்காது. சக்கையில சுண்ணாம்பு நிறைய, கடுங்காரம், பிஎச் 11, 12ன்னு நிக்கும். அன்னபேதி விட்டதும் இரும்பு மேல்தோல்லயே துருவாப் படிஞ்சு உள்ளே போக வழியை அடைச்சுக்கும். இன்னும் மோசம், அதுல இருக்கிற சல்பேட் சுண்ணாம்போடயும் அலுமினியத்தோடயும் சேர்ந்து ஊசி ஊசியா ஒரு கல்லா வளரும், மேடு உப்பும். அது மேல கட்டடம் இருந்தா விரிசல். தண்ணிக்கு அன்னபேதி சரி, சக்கைக்கு அப்படியே ஊத்தறது சரியில்லை. 15ஆம் தேதி எழுதினதை இதோட சேர்த்துப் படிங்க.

இந்தச் சக்கைக்கு ஸ்காட்லாந்துல ஒரு பெரியப்பா இருக்கார். கிளாஸ்கோ பக்கம் 1830லேர்ந்து 1960கள் வரைக்கும் ஓடின குரோமேட் ஆலை, சக்கையைப் பள்ளம் மேடு நிரப்ப ஊரெல்லாம் போட்டுட்டாங்க. ஆலை மூடி அரை நூற்றாண்டு ஆனப்புறம், 2021ல அங்கே ஒரு ஓடை பச்சைப் பசேல்னு ஓடுச்சு. பணக்கார நாடு, பிரச்சினை என்னன்னு தெரியும், பணமும் இருக்கு. அப்படியும்.

5.7.2024
திருப்பூர்க்காரர் ஒருத்தர் "எங்க நொய்யலுக்கும் இரும்புத்தூள் போடலாம்ங்களா"ன்னு கேட்டிருக்கார். அண்ணே, உங்க நோய் வேற. சாயப்பட்டறைத் தண்ணியில பெரும்பாலும் உப்பு. உப்புக்கு இன்னொரு வேஷம் கிடையாது, எதைப் போட்டாலும் உப்பு உப்புதான். பிரிச்செடுக்கணும் இல்லேன்னா மழை கழுவிக் கொண்டுபோகணும். பாசனத்துக்குக் கட்டின ஒரத்துப்பாளையம் அணையே சாயக் குட்டையா நின்ன கதை உங்களுக்குத்தான் தெரியும். அதனாலதான் 2011ல உயர் நீதிமன்றம் பட்டறைகளையே மூடச் சொல்லி, ஒரு சொட்டு வெளியே விடக்கூடாதுன்னு நின்னுச்சு. உப்பு விஷயத்துல வாசல்லயே நிறுத்தறதுதான் வைத்தியம்.

கொடைக்கானல் பாதரசம் இன்னொரு ரகம். அதையும் அழிக்க முடியாது. ஆனா சூடு பண்ணினா ஆவியாகும், பிடிச்சுக் குளிர வெச்சா திரும்பக் கிடைக்கும். தெர்மாமீட்டர் ஆலை 2001ல மூடினப்புறம் மண்ணைக் கழுவறது, உலையில வாட்டறதுன்னு பேச்சு வந்து, கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரைக்கும் விடலாமான்னுதான் பெரிய சண்டை. அது சோலைக்காட்டுக்கு மேல உட்கார்ந்திருக்கிற மண்ணு. யார் குடியிருக்கப் போறாங்கன்னு பார்த்து எண் போட்டா போதுமா, கீழே ஓடை போகுதான்னு பார்க்க வேண்டாமா? நான் எதிர்ப்பு சொன்னவங்க பக்கம்.

6.7.2024
யாழ்ப்பாணத்துலேர்ந்து ஒரு தம்பி: "சுன்னாகத்தில எங்கட கிணத்திலயும் எண்ணெய் மிதந்தது அண்ணை, எங்களுக்கும் உந்த இரும்பு சரிவருமோ?" இரும்பு வேண்டாம். எண்ணெயைத் தின்ன மண்ணுலயே பாக்டீரியா இருக்கு, அதுக்குக் காத்தும் கொஞ்சம் நைட்ரஜனும் கொடுத்தா வேலை செய்யும். மேல மிதக்கிறதை முதல்ல வழிச்செடுக்கணும். ஆனா உங்க சுண்ணாம்புக்கல்லுல தண்ணி பொந்து வழியா ஓடும், எங்க பாறையை விட வேகம். இன்னிக்கு ஒரு கிணத்துல, நாளைக்கு எந்தக் கிணத்துலன்னு சொல்றது கஷ்டம். 2019ல உங்க உச்ச நீதிமன்றம் மின் நிலையக் கம்பெனி கிணத்துக்காரங்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கணும்னு சொன்னதை நான் வெட்டி வெச்சிருக்கேன். 1996ல வேலூர் தோல் ஆலை வழக்குல எங்க உச்ச நீதிமன்றமும் கெடுத்தவன்தான் செலவு ஏத்துக்கணும்னு சொல்லியாச்சு. கெடுத்தவன் ஆலையை மூடிட்டுப் போயிட்டா யார்கிட்ட போறது?

21.8.2024
ஒரு மாசம் வரலை, பொண்ணு கல்யாணம்.

கேள்வி கேட்ட தம்பி போன்ல பேசினார். அவர் நிலத்துல மூணு போர். ரெண்டு பழசு, வத்திப் போனது, வாயில சாக்கு அடைச்சு வெச்சிருக்கார். "பத்தாதுன்னு நானூறு அடிக்கு இன்னொண்ணு போடப் போறேன், ஆழத்துல நல்ல தண்ணி இருக்கும்"னார். அப்பதான் நான் ஜூன்லயே சொல்லியிருக்க வேண்டியது ஞாபகம் வந்துச்சு.

விவசாயப் போருக்குக் கேசிங், அதான் துளைக்குள்ள மண்ணு சரியாம இருக்கப் போடற வெளிக்குழாய், எத்தனை அடி இறக்குவாங்க? மண்ணு சரியற வரைக்கும். பாறை தட்டினதும் நிறுத்திடுவாங்க, அதுக்குக் கீழே திறந்த துளை. கேசிங்குக்கும் மண்ணுக்கும் நடுவுல இருக்கிற சந்தை யாரும் சிமெண்ட் போட்டு அடைக்க மாட்டாங்க. மேல மொரம்புல இருக்கிற மஞ்சள் தண்ணி அந்தச் சந்து வழியா இறங்கி, துளைச் சுவர்ல வழிஞ்சு, நானூறு அடியில இருக்கிற நல்ல வெடிப்புக்கே போய்ச் சேரும். விஷத்துக்கு நாமளே லிஃப்ட் போட்டுக் கொடுக்கறோம். வத்தின போர் இன்னும் மோசம், பாத்துக்க ஆளில்லாத லிஃப்ட்.

நான் வேலை பார்த்த காலத்துல கண்காணிப்பு போரே இப்படிப் போட்டிருக்கோம். ஒரு சைட்டுல பெண்டோனைட் தீர்ந்துபோச்சு, ரிக் வண்டிக்கு மணிக்கணக்குல வாடகை ஓடுது, "அப்படியே ஜல்லியைக் கொட்டி மூடு"ன்னாங்க. கொட்டினேன். விஷம் எங்கே இருக்குன்னு பார்க்கத் தோண்டின துளை. அடுத்த வருஷம் ஆழத்துப் போர்லயும் வந்துடுச்சுன்னு ரிப்போர்ட் வந்தப்ப, பாறை வெடிப்பு வழியா இறங்கியிருக்கும்னு எழுதியிருந்தாங்க. இருக்கலாம். நான் ஒண்ணும் சொல்லலை.

22.8.2024
மூடற முறை கேட்டவங்களுக்கு: உள்ளே கிடக்கிற பைப்பு, கயிறு எல்லாத்தையும் எடுத்துடணும். ஒரு சின்னக் குழாயை அடி வரைக்கும் இறக்கி, சிமெண்ட் கூழைக் கீழேர்ந்து மேல நிரப்பிக்கிட்டே குழாயை உயர்த்தணும். மேலேர்ந்து மண்வெட்டியால தள்ளினா நடுவுல அடைச்சுக்கும், கீழே காலியா இருக்கும். சாக்கு, கல்லு, தேங்காமட்டை எதுவும் மூடி ஆகாது.

3.12.2024
மழை. மேட்டு மேல பிளாஸ்டிக் விரிப்பும் மண்ணும் போட்டு மூடிட்டா போதும்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. மேலேர்ந்து இறங்கற மழைக்கு அது நல்லது, சீக்கிரம் செய்யக்கூடியதும் அதுதான், வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஐப்பசி கார்த்திகையில நிலத்தடி நீர் மட்டம் ஏறி மேட்டோட அடியைத் தொடுதான்னு பாருங்க. 2021 நவம்பர்ல பாலாறு இருகரை தொட்டு ஓடினப்ப நாங்க அளந்த போர்கள்ல தண்ணி கைக்கு எட்டற மாதிரி வந்துடுச்சு. அந்த மாதிரி வருஷத்துல மேல மட்டும் மூடறது குடை பிடிச்சுக்கிட்டு ஆத்துல நிக்கிற கதை.

கட்டி வெக்கிறதும் எத்தனை நாள் நிக்கும்னு தெரிஞ்சுதான் கட்டணும். 31.1.2015 விடியறதுக்குள்ள ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில தோல் கழிவுச் சேறு தேக்கின தொட்டிச் சுவர் உடைஞ்சு, பக்கத்துத் தொழிற்சாலையில தூங்கிட்டு இருந்த 10 பேர் செத்தாங்க. நான் வாலாஜாவுல இருந்தேன் அப்ப. அதுக்கப்புறம் எந்தத் தொட்டிக்குப் பக்கத்துலயும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

4.12.2024
ஒருத்தர் "அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க"ன்னு கோபமா. நியாயம். என்னைக் கேட்டா வரிசை இப்படி: நாளைக்கே குடிதண்ணிக்கு வேற வழி. இந்த மாசத்துக்குள்ள கைவிட்ட போரையெல்லாம் தேடி மூடறது. அடுத்த மழைக்குள்ள மேட்டை மூடி, சுத்தி வாய்க்கால் வெட்டி ஓடற தண்ணியைத் திருப்பறது. ஊர்ப்பக்கம் வேலியா நாலு போர்ல இறைச்சு அன்னபேதியில சுத்திகரிக்கிறது, நிறுத்தாம. சக்கையை என்ன பண்றதுன்னு அதுக்கப்புறம் வருஷக்கணக்கா அடிச்சுக்கலாம். போர் மூடறதுக்குத்தான் டெண்டர் வராது, அதுல காசு இல்லை.

19.1.2025
தம்பி போட்டோ அனுப்பினார். ரெண்டு பழைய போரையும் மூடியாச்சு. முதல் போர்ல கணக்குப்படி எட்டு மூட்டை சிமெண்ட் போதும்னு சொல்லியிருந்தேன், பதினாலு இழுத்துச்சாம். ஆறு மூட்டை எந்த வெடிப்புல போச்சோ. தண்ணியும் அதே வழியாத்தான் போயிருக்கும்னு சொன்னேன். நானூறு அடி போடலை, பொங்கலுக்கு டேங்கர்ல வாங்கிட்டாராம். சாம்பிள் பங்குனியில எடுக்கலாம்னு இருக்கோம், பாட்டில் நான் கொண்டு போறேன்.